பத்து வயது டீசல் எஸ்யூவி: சின்னப் பாகமும் பெரிய பில்லும்

பெங்களூரில் 2012 முதல் 2016 வரை பதிவான டீசல் எஸ்யூவிகள் இப்போது நாலைந்து லட்சத்துக்குக் கைமாறுகின்றன. மஹிந்திரா எக்ஸ்யூவி 500, ஸ்கார்ப்பியோ, ரெனோ டஸ்டர் எல்லாம் இந்த வரிசையில் வருபவை. ஃபார்ச்சூனர் மட்டும் அவ்வளவு சுலபமாக விலை இறங்காது. தர்மபுரிக்கும் சேலத்துக்கும் குடும்பத்தோடு அடிக்கடி போய்வருபவர்களுக்கு இந்த விலையில் பெரிய வண்டி என்றால் யாருக்கும் மனசு இழுக்கும். வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் ஐந்து லட்சத்துக்கு வாங்குபவர் கையில் இன்னொரு லட்சம் தனியாக இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் நாலு லட்சத்து வண்டியைப் பாருங்கள்.

இந்த வயது வண்டிகளில் பெரிய பில் பெரும்பாலும் பெரிய பாகத்திலிருந்து தொடங்குவதில்லை. நூறு ரூபாய் வாஷர், இரண்டாயிரம் ரூபாய் ஹோஸ், குழாய்த் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டர் என்று ஏதோ ஒன்றை முந்தைய ஓனர் கவனிக்காமல் விட்டிருப்பார். அதன் விளைவுதான் டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் விசிறி), ஹெட் கேஸ்கெட் (இன்ஜினுக்கும் அதன் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள சீல்), இன்ஜின் ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துப் புதுப்பிப்பது) என்று பில்லாக உங்கள் கைக்கு வரும். அதனால் வாங்குவதற்கு முன் தேட வேண்டியது அந்தச் சின்னச் சங்கதிகளைத்தான். கீழே சொல்லும் தொகைகள் பெங்களூரில் வெளி கராஜில், ஒரிஜினல் ஸ்பேர்ஸ் போட்டுச் செய்தால் ஆகும் தோராயமான வரம்பு. கம்பெனி சர்வீஸ் சென்டரில் இதைவிடக் கூடும்.

முதலில் குளிர்ந்த இன்ஜினில் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். "காலைல ஏழு மணிக்கு வர்றேன், வண்டியை ஸ்டார்ட் பண்ணாம வைங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அன்று திரும்பிவிட்டு இன்னொரு நாள் வரலாம். சூடான டீசல் இன்ஜின் தன் நோயை மறைத்துவிடும். சாவியைத் திருப்பி, க்ளோ பிளக் (குளிர்ந்த சிலிண்டரைச் சூடாக்கும் பாகம்) விளக்கு அணைந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் இரண்டு மூன்று விநாடி கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நின்றால் கவலையில்லை. வெள்ளைப் புகை நீடித்து, இன்ஜின் ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு உதறினால், க்ளோ பிளக் போயிருக்கலாம், இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) ஒழுகலாம், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) குறைந்திருக்கலாம். நீலம் கலந்த புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது கறுப்பாகக் கொட்டினால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம் போகிறது.

இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, அதைத் தலைகீழாக அந்த வாயின் மேலேயே வையுங்கள். லேசாக ஆடினால் சரி. காற்று அதைத் தூக்கித் தள்ளினால் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வாயு கீழே இறங்குகிறது. அந்த வண்டிக்குச் சீக்கிரமே ஓவர்ஹால் தேவைப்படும். 2.2 லிட்டர் வகை இன்ஜினுக்கு 90,000 முதல் 1,60,000 ரூபாய் வரை ஆகும். அதைச் சொல்லி விலை பேசுவதைவிட வேறு வண்டி பார்ப்பதுதான் நல்லது என்பது என் திடமான கருத்து.

அடுத்தது இன்ஜெக்டர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காமன் ரெயில் என்பது எல்லா இன்ஜெக்டருக்கும் உயர் அழுத்தத்தில் டீசல் தரும் பொதுக் குழாய். அதோடு இணைந்த இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் சிலிண்டர் ஹெட்டில் ஒரு செம்பு வாஷர் மேல் உட்கார்ந்திருக்கும். எரியும் வாயு மேலே கசியாமல் தடுப்பது அந்த வாஷர்தான். விலை 50 முதல் 150 ரூபாய். வயதாகும்போது அது கசிய ஆரம்பிக்கும். பிளாஸ்டிக் கவரைக் கழற்றிப் பார்த்தால் இன்ஜெக்டரின் அடியில் தார் போலக் கறுப்பாகக் கட்டியிருக்கும், ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) 'சுஃப் சுஃப்' என்று ஒரு சத்தம் வரும். அப்போதே கழற்றி, உட்காரும் இடத்தைச் சுத்தம் செய்து, புது வாஷர் போட்டால் நாலுக்கும் லேபரோடு இரண்டாயிரம் முதல் நாலாயிரத்துக்குள் முடிந்துவிடும். கழற்றிய வாஷரைத் திரும்பப் போடக் கூடாது. போல்ட்டை டார்க் ரென்ச் வைத்துக் கம்பெனி சொன்ன அளவுக்குத்தான் இறுக்க வேண்டும்.

விட்டுவிட்டால்? கார்பன் இறுகி இன்ஜெக்டர் ஹெட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதைத் தனிக் கருவி வைத்துத்தான் இழுக்க வேண்டியிருக்கும், சில சமயம் ஹெட்டையே இறக்க வேண்டிவரும். வால்வு கவருக்குள்ளே இன்ஜெக்டர் இருக்கும் இன்ஜின்களில் நிலைமை இன்னும் மோசம். பழைய ஃபார்ச்சூனர் 3.0 இதற்கு நன்கு தெரிந்த உதாரணம். கசியும் புகை நேராக ஆயிலில் கலக்கும். ஆயில் கெட்டியாகி, சம்ப்பில் (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) உள்ள ஸ்ட்ரெய்னர் வலையை அடைக்கும். ஆயில் மேலே ஏறாமல் போனால் முதலில் டர்போ போகும், பிறகு பேரிங். நூறு ரூபாய் வாஷரில் தொடங்கிய கதை இன்ஜின் மாற்றுவதில் முடியும். அந்த மாடலை வாங்குபவர்கள் சம்ப்பைக் கழற்றி ஸ்ட்ரெய்னரைப் பார்த்துவிடுவது மிக நல்லது.

இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க லீக்-ஆஃப் டெஸ்ட் உண்டு. நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாய்களையும் தனித்தனியாக ஒரே அளவுள்ள நாலு பாட்டில்களில் விட்டு, சில நிமிடம் ஐடிலில் ஓட்ட வேண்டும். நாலிலும் கிட்டத்தட்ட ஒரே மட்டம் டீசல் சேர்ந்தால் நல்லது. ஒன்றில் மட்டும் இரண்டு மடங்கு சேர்ந்தால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்துவிட்டது. டெஸ்ட்டுக்கு ஐநூறு முதல் ஆயிரம் ரூபாய். டீசல் பம்ப் கடையில் ரிப்பேர் செய்ய ஒன்றுக்கு 4,000 முதல் 8,000, புதிதாக வாங்கினால் 12,000 முதல் 22,000. கலப்பட டீசலும் மாற்றாத டீசல் ஃபில்டரும் இன்ஜெக்டரைத் தின்னும். ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரை ஒவ்வொரு சர்வீஸிலும் வடிக்கச் சொல்லுங்கள்.

இனி காற்று போகும் வழி. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் (அந்தக் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்கள் எட்டுப் பத்து வருடத்தில் வெடிப்பு விடும். மிதிக்கும்போது 'புஸ்' சத்தம், கறுப்புப் புகை, இழுவைக் குறைவு, இந்த மூன்றும் சேர்ந்தால் ஹோஸைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஹோஸ் 1,200 முதல் 3,500 ரூபாய். இதைக் கவனிக்காமல் ஓட்டினால், குறைந்த அழுத்தத்தை ஈடுகட்ட டர்போ அளவுக்கு மீறி வேகமாகச் சுற்றும். அப்படியே ஆயுளை இழக்கும். புது டர்போ 35,000 முதல் 70,000 வரை, நடுப்பாகமான கார்ட்ரிட்ஜ் மட்டும் மாற்றினால் 12,000 முதல் 20,000.

டர்போவைக் கையாலேயே சோதிக்கலாம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது காற்று வரும் குழாயைக் கழற்றி, உள்ளே விசிறியின் நடுத் தண்டைப் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் மிகக் கொஞ்சம் ஆட்டம் இருப்பது இயல்பு. முன்பின்னாக ஆடக் கூடாது. விசிறி இதழ் சுவரில் உரசிய தடம் இருக்கவே கூடாது. ஹோஸுக்குள் மெல்லிய ஆயில் படலம் இருக்கும், அது சரி. கவிழ்த்தால் ஆயில் கொட்டினால் டர்போ சீல் போய்விட்டது. அந்த நிலையில் ஓட்டுவது ஆபத்து. இன்ஜின் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு தானாக வேகமெடுக்கும், சாவியை அணைத்தாலும் நிற்காது. அப்படி நடந்தால் பிரேக்கை முழுதாக மிதித்து, மேல் கியரில் போட்டு, கிளட்ச்சைச் சட்டென்று விட்டு இன்ஜினை அடக்க வேண்டும். பானெட்டுக்குள் தலையை விடக் கூடாது.

சில்க் போர்டு, மாரத்தஹள்ளி, ஹெப்பால் என்று நகர்ந்து நகர்ந்து மட்டும் ஓடிய வண்டியில் ஈஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்கே அனுப்பும் வால்வு) அடைபடுவது சகஜம். புகைக்கரியும் ஆயில் ஆவியும் கலந்து, இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் மானிஃபோல்டில் பசையாகப் படியும். டர்போவின் உள்ளே அசையும் இதழ்களும் கரி பிடித்து இறுகும். ஈஜிஆரைக் கழற்றிச் சுத்தம் செய்ய 1,500 முதல் 3,000. தகடு வைத்து அடைத்துவிடலாம் என்று சில மெக்கானிக்குகள் சொல்வார்கள். வேண்டாம். செக் இன்ஜின் விளக்கு எரியும், புகை அளவு விதியை மீறும். மாதம் ஒருமுறையாவது நைஸ் ரோட்டிலோ கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையிலோ அரை மணி நேரம் சீராக 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் கரி சேர்வது கணிசமாகக் குறையும்.

இதே காரணத்தால் ஆயில் மாற்றும் கணக்கையும் மாற்றிக்கொள்ள வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் சராசரியில் ஓடும் வண்டி 10,000 கிலோமீட்டரை 167 மணி நேரத்தில் முடிக்கும். நகர நெரிசலில் 20 கிலோமீட்டர் சராசரி என்றால் அதே தூரத்துக்கு 500 மணி நேரம். ஆயிலுக்குத் தெரிவது மணிக்கணக்குதான். முழுக்க ஊருக்குள்ளேயே ஓட்டுபவர்கள் கையேட்டில் 10,000 என்று இருந்தாலும் 7,500-இல் மாற்றட்டும்.

கூலிங். பெங்களூர் போர்வெல் தண்ணீர் உப்புத் தண்ணீர். அதை ரேடியேட்டரில் ஊற்றினால் மெல்லிய குழாய்களில் சுண்ணாம்பாகப் படியும், வாட்டர் பம்ப் சீலையும் அரிக்கும். இன்ஜின் முழுதாகக் குளிர்ந்த பிறகு மட்டும் கூலண்ட் மூடியைத் திறந்து பாருங்கள். தெளிவான நிறமாக இருந்தால் நல்லது. செம்மண் குழம்பாக இருந்தால் உள்ளே துரு. மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, மேல் ஹோஸ் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே கல்லாக இறுகினாலோ ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. ஹெட்டை இறக்கி, லேத்தில் ஃபேஸ் செய்து (பரப்பைச் சமமாகச் சீவி), கேஸ்கெட்டும் போல்ட்டும் புதிதாகப் போட 25,000 முதல் 45,000 வரை ஆகும்.

இன்னொன்று முக்கியம். சூடு ஏறும் வண்டிக்குச் சில கராஜ்களில் தெர்மோஸ்டாட்டையே (சூட்டுக்கு ஏற்பக் கூலண்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) கழற்றிப் போட்டுவிடுவார்கள். கொஞ்ச நாளைக்கு டெம்பரேச்சர் முள் ஏறாது. ஆனால் இன்ஜின் தன் வேலை வெப்பத்துக்கு வராமலேயே ஓடும். டீசல் கூடுதலாகக் குடிக்கும், கரி அதிகம் சேரும், ரிங் சீக்கிரம் தேயும். டெஸ்ட் டிரைவில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முள் நடுவுக்கு வந்து அங்கேயே நிற்க வேண்டும். நெடுஞ்சாலையில் வேகம் எடுத்ததும் முள் கீழே இறங்கினால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடியே மாட்டிக்கொண்டது. தெர்மோஸ்டாட் 1,500 முதல் 3,500, வாட்டர் பம்ப் 3,000 முதல் 6,000, ரேடியேட்டர் 7,000 முதல் 14,000.

கூலண்ட் மாற்றும்போது அவசரப்படாமல் செய்யச் சொல்லுங்கள். பழையதை வடித்து, டீமினரலைஸ்டு தண்ணீர் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மேல் கீழ் இரண்டு ஹோஸும் சூடாகும்வரை ஓட்ட வேண்டும். ஆறவிட்டு வடிக்க வேண்டும். வடியும் தண்ணீர் தெளியும்வரை இதையே திரும்பச் செய்து, கடைசியில் கூலண்ட்டும் டீமினரலைஸ்டு தண்ணீரும் பாதிக்குப் பாதி. உள்ளே சிக்கிய காற்று வெளியேறிய பிறகு, மறுநாள் காலை மட்டம் பார்த்து நிரப்ப வேண்டும். ஓசூர் ஏற்றத்தில் ஏழு பேரோடு ஏசி போட்டு ஏறும்போதுதான் கூலிங்கின் உண்மை நிலை தெரியும். முடிந்தால் டெஸ்ட் டிரைவில் ஒரு நல்ல ஏற்றம் இருக்கட்டும்.

பெங்களூர் வண்டிக்கு அதிகம் செலவு வைப்பது கிளட்ச். சமதளத்தில் நாலாவது அல்லது ஐந்தாவது கியரில், 40 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். ஆர்பிஎம் முள் குபுக்கென்று ஏறி வேகம் ஏறாவிட்டால் பிளேட் வழுக்குகிறது. கிளட்ச் செட் 10,000 முதல் 18,000 என்றுதான் பலரும் கணக்குப் போடுவார்கள். ஆனால் இந்த வகை வண்டிகள் பலவற்றில் டூயல் மாஸ் ஃப்ளைவீல் இருக்கிறது. இரண்டு தட்டுகள், நடுவில் ஸ்பிரிங். இன்ஜினின் உதறல் கியர்பாக்ஸுக்குப் போகாமல் அது தாங்கிக்கொள்ளும். அதன் ஸ்பிரிங் தளர்ந்தால் ஐடிலில் 'கடகட' சத்தம் வரும், கிளட்ச்சை மிதித்தால் சத்தம் மாறும், இன்ஜினை அணைக்கும்போது ஒரு பலத்த உதறல் இருக்கும். அதன் விலை மட்டும் 22,000 முதல் 40,000.

கிளட்ச்சைத் தள்ளும் ஹைட்ராலிக் சிலிண்டர் பல மாடல்களில் கியர்பாக்ஸுக்கு உள்ளேயே இருக்கிறது, டஸ்டர் உட்பட. 3,500 முதல் 7,000 ரூபாய்ப் பாகம்தான். ஆனால் அது பிறகு தனியாக ஒழுகினால் கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும். இறக்கி ஏற்றும் லேபர் 5,000 முதல் 9,000. அதனால் கிளட்ச் மாற்றும்போது இந்த சிலிண்டரையும், பின்பக்க கிராங்க் ஆயில் சீலையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஃப்ளைவீலும் லேபரும் சேர்த்து மொத்தமாக 40,000 முதல் 75,000 என்று வைத்துக்கொண்டால் பின்னால் அதிர்ச்சி இருக்காது.

டைமிங் (வால்வையும் பிஸ்டனையும் மோதாமல் ஒரே தாளத்தில் ஓட்டும் பெல்ட் அல்லது செயின்) விஷயத்தில் மாடலைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும். எக்ஸ்யூவி 500-இல் உள்ள எம்ஹாக் இன்ஜினுக்குச் செயின். டஸ்டர் 1.5 டீசலுக்கும் பழைய ஃபார்ச்சூனர் 3.0-க்கும் பெல்ட். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜின் பாழாகும். எப்போது மாற்றினார்கள் என்று பில் இல்லாவிட்டால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். செயின் வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கத்தில் சங்கிலி உரசும் சத்தம் சில விநாடிக்கு மேல் நீடித்தால் டென்ஷனரைப் பார்க்க வேண்டும்.

சஸ்பென்ஷன் பற்றிப் பெரிய பயம் வேண்டாம். எல்லாம் மாற்றக்கூடியவைதான், தெருவுக்கு நாலு ஸ்பீட் பிரேக்கர் உள்ள ஊரில் மாற்றித்தான் ஆக வேண்டும். மெதுவாக மேடு ஏறும்போது 'டக் டக்' என்றால் பெரும்பாலும் லிங்க் ராடு, ஒன்று 700 முதல் 1,500. திருப்பும்போது முறுக்கும் சத்தம் என்றால் ஸ்ட்ரட் மவுண்ட். பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் போனால் லோயர் ஆர்ம் புஷ். ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆடினால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். இடது வலது பிடித்து ஆட்டும்போது ஆடினால் டை ராடு எண்டு. இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றி, கடைசியில் அலைன்மென்ட் செய்யுங்கள். முன்பக்கம் மொத்தமும் புதுப்பிக்க 25,000 முதல் 40,000.

ஏசி கூலிங் காயில் ஒழுகினால் டாஷ்போர்டைக் கழற்ற வேண்டியிருக்கும், 8,000 முதல் 15,000. காம்ப்ரஸர் 18,000 முதல் 30,000. பேட்டரி 7,000 முதல் 9,000.

ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறு எண்களை, அதாவது கோடுகளை, படிக்கும் கருவி) இல்லாமல் வண்டி வாங்கவே வாங்காதீர்கள். மெக்கானிக்கிடம் ஐநூறு ரூபாய் கொடுத்தால் பார்த்துச் சொல்வார். பி0299 என்றால் டர்போ அழுத்தம் குறைவு, பி0401 என்றால் ஈஜிஆர் ஓட்டம் குறைவு, பி0087 என்றால் ரெயிலில் டீசல் அழுத்தம் குறைவு. கோடு எதுவும் இல்லையென்றாலும் நிம்மதியடைய வேண்டாம். கோடு அழித்த பிறகு ஓடிய தூரத்தைப் பல வண்டிகளில் ஸ்கேனரிலேயே பார்க்கலாம். அது வெறும் 12 கிலோமீட்டர் என்று காட்டினால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்புதான் அழித்திருக்கிறார்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதையும் பாருங்கள். சென்னை 2015 டிசம்பர், பெங்களூரில் பெல்லந்தூர் பக்கம் 2022 செப்டம்பர், இரண்டிலும் முங்கிய வண்டிகள் சுத்தம் செய்யப்பட்டு சந்தைக்கு வந்திருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் சேற்றுக் கோடு தெரியும். சீட் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி பள்ளத்தில் மண், ஒயர் கனெக்டரில் பச்சைக் களிம்பு, இவற்றில் இரண்டு இருந்தாலே விட்டுவிடுங்கள். டெல்லிப் பதிவு வண்டி மலிவாக வந்தால், அங்கே பத்து வருட டீசலுக்குக் கொண்டுவந்த கட்டுப்பாடு ஒரு காரணமாக இருக்கலாம். கர்நாடகத்தில் மறுபதிவுக்கும் சாலை வரிக்கும் ஆகும் தொகையைச் சேர்த்துப் பார்த்தால் அந்த மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும்.

வாங்கிய முதல் மாதத்தில் இன்ஜின் ஆயில், மூன்று ஃபில்டர், கூலண்ட், பிரேக் ஆயில், கியர் ஆயில், ஃபேன் பெல்ட் எல்லாவற்றையும் மாற்றுங்கள். 15,000 முதல் 22,000 ஆகும். அடுத்தது டயரும் பிரேக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், 2318 என்றால் 2018-இன் 23-ஆம் வாரம் தயாரானது. ஆறு வருடம் தாண்டிய டயரோடும் தேய்ந்த பிரேக் பேடோடும் தொப்பூர் கணவாயில் குடும்பத்தோடு இறங்காதீர்கள். லாரிகள் நடுவே அந்த இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல், கியரைக் குறைத்து இன்ஜின் பிடிப்பில் இறங்குவதுதான் சரி.

ஸ்பேர்ஸை ஜே.சி. ரோட்டில் நீங்களே வாங்கிக் கொடுத்தால் செலவு குறையும். ஆனால் வண்டியின் சேஸிஸ் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள், ஒரே மாடலில் வருடத்துக்கு வருடம் பாகம் மாறும். கதவு, கண்ணாடி, லைட் போன்றவற்றை சிவாஜிநகர் குஜ்ரியில் (பழைய பாகங்கள் விற்கும் சந்தை) பழையதாக வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங், டைமிங் பாகங்களைப் பழையதாக வாங்கவே கூடாது. கராஜில் வேலை முடிந்ததும் கழற்றிய பழைய பாகங்களை எடுத்து வைக்கச் சொல்லிப் பாருங்கள், பில்லில் பார்ட் நம்பரை எழுதி வாங்குங்கள். நாளை நீங்கள் விற்கும்போது, அடுத்தவர் முதலில் கேட்கப்போவது அந்த பில்களைத்தான்.